சத்தம் வந்த பக்கம்

போர்ட் பிளேர் விமான நிலைய வாசலில் பெயர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே, வந்து இறங்குவது பறவை பார்க்கிற கூட்டம் இல்லை என்று தெரிந்துவிட்டது. பறவை பார்க்க வருகிறவர்கள் சாயம் போன பச்சையிலும் காக்கியிலும் வருவார்கள். வெளியே வந்ததும் அண்ணாந்து பார்ப்பார்கள். இந்த ஆறு பேரும் மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் வந்தார்கள். முதலில் தங்கள் பெட்டிகளைத்தான் பார்த்தார்கள். ஒருவர் சாத்தூர் சேவு டின்னை நெஞ்சோடு அணைத்திருந்தார். "ஏலே, அம்புட்டும் வந்துருச்சாலே? ஊறுகாய்ப் பை எங்கன?" என்று அவர் கேட்டதும், என் ஊரே அந்த வாசலில் வந்து இறங்கியதுபோல இருந்தது.

நான் விருதுநகர்க்காரி. அப்பாவுக்குச் சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் வேலை. எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. படிப்பு முடிந்ததும் கிளம்பி எங்கெங்கோ சுற்றி, அப்போது அந்தமானில் ஒரு சிறிய சுற்றுலா நிறுவனத்தில் பறவை காட்டும் வழிகாட்டியாக இருந்தேன். அது 2008 ஜனவரி.

தீபாவளி சீசன் முடிந்து, அடுத்த வருஷத்து ஆர்டர்கள் சூடு பிடிப்பதற்கு முன்னால் கிடைக்கும் இடைவெளியில், சிவகாசிப் பக்கம் சில முதலாளிகள் தங்கள் போர்மேன்களை டூர் அழைத்துப் போவார்கள். வழக்கமாகக் குற்றாலம், கொடைக்கானல், மிஞ்சினால் கோவா. இந்தக் கூட்டத்தின் முதலாளி கதிரவனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். அப்பா இறந்தபின் ஆலையை ஏற்றிருந்தார். புஸ்வாணப் பெட்டிகளில் வருஷா வருஷம் அதே கிளி, அதே மயில் அச்சடிப்பது அவருக்கு அலுத்துவிட்டது. யாரும் பார்த்திராத பறவையைத் தன் கேமராவில் தானே பிடித்து லேபிளாகப் போட வேண்டும் என்று ஆசை. அதனால்தான் பறவை டூர். கூட நான்கு போர்மேன்கள். ஆறாவது ஆள் சம்சு, லேபிள் அடிக்கும் பிரஸ்ஸின் ஆர்டர் பிடிக்கிறவர். சேவு டின் அவருடையது.

"தாயி, இம்புட்டுத் தூரம் பறந்து வந்து குருவியவா பாக்கணும்?" என்று வேனில் ஏறியதுமே அவர் ஆரம்பித்தார். "எங்க பிரஸ்ஸுக்கு வாங்க. ஒரு நாளைக்கு லட்சம் கிளி காட்டுறேன். நாலு கலர்ல."

"உன் கிளிக்கு அச்சு விலகி மூக்குச் செவப்பு கண்ணுல போயிருக்கும் மாப்ளே" என்றார் வலது ஜன்னலோரம் இருந்தவர். எல்லாரும் சிரித்தார்கள். அவர்தான் சங்கிலிமுத்து.

ஐம்பதைத் தொடும் வயது. நெடுநெடுவென்ற உயரம், கட்டையாக வெட்டிய நரைத்த மீசை. நால்வரில் மூத்தவர். மற்ற மூவரும் அவர் வாயைத் திறந்தால் தங்கள் பேச்சை நிறுத்தினார்கள். கதிரவன்கூட அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் காட்டுப் பாதையின் தொடக்கத்தில் வேன் நின்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சம்சு தவிர மற்ற ஐந்து பேரும் சட்டைப் பையைத் தடவி, தீப்பெட்டி, பீடிக்கட்டு, செல்போன் எல்லாவற்றையும் சீட்டின் மேல் வைத்துவிட்டு இறங்கினார்கள். செருப்பையும் கழற்றப் போனார்கள். "இது பயர் ஆபீஸ் இல்லப்பா, செருப்பப் போடுங்க" என்று சம்சு கத்த வேண்டியதாயிற்று. பட்டாசு ஆலையை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்பார்கள். அதன் கேட்டில் தினமும் செய்வதை அவர்கள் காட்டின் வாசலிலும் செய்தார்கள்.

நடக்கும்போது ஒரு சருகு நொறுங்கவில்லை. கையை வீசிப் பேசவில்லை. ஒருவர் நின்றால் எல்லாரும் நின்றார்கள். நான் கூட்டிப்போன கூட்டங்களிலேயே இவ்வளவு பதவிசாக நடந்தவர்கள் இவர்கள்தான்.

ஒரு குரல் கேட்டால் கூட்டத்தின் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். திரும்பாத தலை ஒன்றிரண்டு இருக்கும். வழிகாட்டியின் கண் அந்தத் தலைகள் மேல்தான் இருக்க வேண்டும். அவர்களுக்குத்தான் பறவையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். செம்போத்து ஒன்று பாதைக்கு இடது புறம் அடித்தொண்டையில் கூப்பிட்டது. ஐந்து தலைகள் இடது பக்கம் திரும்பின. சங்கிலிமுத்து அந்த ஐந்து தலைகளையும் பார்த்துவிட்டு, அப்புறம் திரும்பினார். கண்ணிமைக்கும் நேர வித்தியாசம்தான். அடுத்த குரல் பின்னாலிருந்து வந்தது. அப்போதும் அப்படியே. மரத்தின் மேல் ஒரு கிளிக்கூட்டம் கத்தியபோது அவர் தரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார்.

வேனில் வலது ஜன்னல். சாப்பாட்டு மேஜையில் வலது ஓரம். வரிசையில் நின்றால் வலது கடைசி. யாரும் அவருக்கு வலது பக்கம் வராதபடி அவர் எப்போதும் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். வலது காது கேட்கவில்லை. ஒரு காது மட்டும் கேட்கிறவருக்குச் சத்தம் கேட்கும், வந்த திசை தெரியாது. அதற்கு இரண்டு காதும் வேண்டும்.

அதன்பிறகு நான் அவருக்கு இடது புறமாகவே நடந்தேன். பறவை கூப்பிட்டதும் வாயால் சொல்லாமல் கையால் காட்டினேன். இரண்டு மூன்று முறை ஆனதும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கையால காட்டுறதுதான் நல்லாருக்கு தாயி" என்றார் மெதுவாக. "வாயத் தொறந்தா குருவி பறந்துரும்ல."

"ஆமா அண்ணாச்சி" என்றேன். அதோடு விட்டோம்.

நடக்கும் வழியில் அவர் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். நாரணாபுரத்துக்குப் பக்கத்து ஊர். அப்பாவும் அம்மாவும் கரிசல் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர்கள். மழை இல்லாமல் காடு தரிசாகப் போனதும் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார்கள். அவர் கட்டையில் குச்சி அடுக்கினார், பிறகு பயர் ஆபீஸில் திரி வெட்டினார், மருந்து செலுத்தினார். மருந்து என்றால் வெடிமருந்து; செலுத்துவது என்றால் அதைக் குழாயில் நிரப்புவது. எழுத்துக்கூட்டிப் படித்து, போர்மேன் பரீட்சையில் இரண்டு தரம் தோற்று, மூன்றாம் தரம் பாஸானார். "எங்க வம்சத்துல மொத மொத நாற்காலியில உக்காந்த ஆளு நாந்தான் தாயி. உக்காரத்தான் நேரம் கெடையாது" என்றார். மனைவி மாடத்தி அதே ஆலையில் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தார்.

காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதை ரொம்பப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். வெடிகளைச் சோதிக்கும் பொட்டலில் திரி பற்றியும் பற்றாததுமாக ஒன்று காதருகே வெடித்திருக்கிறது. சில நாள் இரைச்சல். அப்புறம் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. போர்மேன் ஆகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாடத்தியைத் தவிர யாரிடமும் அவர் சொல்லவில்லை.

அவர்களுடைய ஆலையில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மருந்தைத் தொடக் கற்றுக்கொடுக்கும் முன்னால் ஓடக் கற்றுக்கொடுப்பார்கள். அறைக்கு எதிரெதிராக வாசல்கள் இருக்கும். சத்தம் வந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி, எதிர் வாசல் வழியாக ஓட வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது, செருப்பைத் தேடக்கூடாது, கூட இருப்பவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது. ஒன்றும் புரியாவிட்டால் போர்மேன் எந்தப் பக்கம் ஓடுகிறாரோ அந்தப் பக்கம் ஓடு. இதை மற்ற மூன்று போர்மேன்களும் சிரித்துக்கொண்டே எனக்கு நடித்துக்காட்டினார்கள். சங்கிலிமுத்து கீழே கிடந்த ஒரு சிறகை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், கதிரவன் வந்த காரியத்துக்காகக் கிளம்பினோம். உடம்பெல்லாம் கரிக்கறுப்பு, உச்சந்தலை மட்டும் ரத்தச் சிவப்பாக ஒரு மரங்கொத்தி அந்தத் தீவுகளில் உண்டு. படத்தைப் பார்த்ததுமே, "இதான். பொட்டிக்கு மேல இது உக்காந்தா யாரும் காப்பி அடிக்க முடியாது" என்று முடிவு செய்துவிட்டார் அவர்.

காட்டை ஒட்டிப் பாக்குத் தோட்டங்கள். நடுவே ஒற்றையடிப் பாதை. என் கை தெரிவதற்காகச் சங்கிலிமுத்துவை எனக்கு அடுத்தபடியாக முன்னால் விட்டிருந்தேன். அவருக்குப் பின்னால் சம்சு. கொஞ்சம் தள்ளி மற்ற போர்மேன்கள். எல்லாருக்கும் பின்னால் மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கதிரவன். மரங்கொத்தி தட்டுகிற சத்தம் கேட்டது. நான் கையைத் தூக்கினேன். எல்லாரும் சிலையானார்கள். கதிரவன் ஸ்டாண்டை ஊன்றினார். பறவை ஒரு பட்டுப்போன மரத்தின் நட்டநடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வெடித்தது.

ஒரே ஒரு 'டமார்'. அடுத்து, மூச்சு விடுவதற்குள் இரண்டு.

எங்களுக்கு முன்னால், பாதை திரும்புகிற இடத்துத் தோட்டத்தில் வெட்டிப்போட்ட மூங்கிலைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். பச்சை மூங்கிலின் கணுக்களுக்குள் காற்று சூடாகி வெடிக்கும் சத்தம். எனக்கு அது பழகியது. அதைச் சொல்ல நான் திரும்புவதற்குள் பின்வரிசையில் யாரும் இல்லை. மூன்று போர்மேன்களும் கத்தவில்லை, ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பைனாகுலரைப் போட்டுவிட்டு வந்த வழியே பறந்துவிட்டார்கள். கதிரவன் லட்ச ரூபாய்க் கேமராவை ஸ்டாண்டோடு விட்டுவிட்டு அவர்களுக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

சங்கிலிமுத்துவும் ஓடினார். முன்னால், புகை வந்த பக்கம்.

அவருக்கு முன்னால் இருந்தது நான் மட்டும்தான். பார்த்துத் திரும்பத் தலைகள் இல்லை. நான் நகராமல் நின்றேன். ஓட வேண்டும் என்று அவர் காலுக்குத் தெரிந்திருந்தது, எந்தப் பக்கம் என்று அவர் காதுக்குத் தெரியவில்லை. என்னைத் தாண்டிக்கொண்டு போனார். அவர் முதுகைப் பிடித்தபடி, சேவு டின்னுடன் சம்சு போனார்.

நான் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். வளைவைத் தாண்டியதும் நெருப்பு. சங்கிலிமுத்து அதன் விளிம்பில் சட்டென்று நின்றுவிட்டார். சம்சுவால் நிற்க முடியவில்லை. அவர் முதுகில் மோதி, பக்கவாட்டில் சரிந்து, வலது கையைச் சூடான சாம்பலில் ஊன்றிவிட்டார். தோட்டக்காரப் பெண் வங்காள மொழியில் எங்களைத் திட்டிக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரை அவர் மேல் கொட்டினாள். உள்ளங்கை வெந்து, கொப்புளம் கிளம்ப ஆரம்பித்தது. சேவு முழுக்கச் சாம்பலில்.

சற்று நேரத்தில் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. புகைக்கு நடுவே சங்கிலிமுத்து நிற்பதையும், பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு சம்சு உட்கார்ந்திருப்பதையும் கண்டார்கள். கதிரவன் தோட்டக்காரியைப் பார்த்தார், நெருப்பைப் பார்த்தார், அப்புறம் சங்கிலிமுத்துவைப் பார்த்தார்.

"அண்ணே… உள்ள யாரும் மாட்டிக்கிட்டாகளோன்னு ஓடுனீகளா?"

சங்கிலிமுத்து நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். சம்சு சொன்னார்: "பின்ன? நீங்க அம்புட்டுப் பேரும் பின்னங்கால் பிடரில பட ஓடுனா, யாராச்சும் போகணும்ல?"

இரவுச் சாப்பாட்டின்போது கதிரவன் எழுந்து நின்று பேசினார். தன் அப்பா காலத்தில் ஒரு விபத்து நடந்ததாம். அன்றைக்கு எல்லாரும் ஓடிவிட்ட பிறகு உள்ளே போய்ப் பார்க்க ஓர் ஆள் இருந்திருந்தால் இரண்டு பேர் பிழைத்திருப்பார்களாம். அதை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"இன்னைக்கு நானே கேமராவப் போட்டுட்டு ஓடுனேன். வெக்கமாத்தான் இருக்கு. ஒரு ஆளு மட்டும் ஓடல. சித்திரைல புது யூனிட்டு தொறக்குறோம். மருந்து கலக்குற ரூமு, செலுத்துற ரூமு, அம்புட்டுக்கும் சங்கிலிமுத்து அண்ணந்தான் தலைமைப் போர்மேன். மாடத்தி அக்காவையும் சேத்து, கைப்பழக்கம் உள்ள பொம்பளைகளப் பூராம் அங்கன மாத்திருவோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். சம்சு ஒரு கையால் மேஜையைத் தட்டினார். சங்கிலிமுத்து கும்பிட்டுவிட்டு, சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அவர் வாழ்நாளில் ஆசைப்பட்ட வேலை அதுதான் என்று பக்கத்தில் இருந்த போர்மேன் என் காதில் சொன்னார்.

சாப்பிட்டு முடித்து நான் பைனாகுலர்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சங்கிலிமுத்து வந்தார். எனக்கு வலது பக்கமாக வந்து நின்றார். அப்போதுதான் நான் அவருக்கு இடது பக்கத்தில் இருப்பேன்.

"தாயி, உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியும்னு."

நான் தலையசைத்தேன்.

"யாருகிட்டயும் சொல்லிராதீக. காது போச்சுன்னா போர்மேன் வேல போச்சு. அது ஒண்ணுதான் நான் சம்பாரிச்சது."

"நான் சொல்லல அண்ணாச்சி. ஆனா புது யூனிட்டுல…"

"இத்தன வருசம் பாத்துக்கிட்டேன்ல? பொம்பளைக தலை திரும்புற பக்கம் பாத்தாப் போதும். நான் ஒரு நிமிசம் நின்னு பாத்து ஓடுறதால, நிதானமான ஆளுன்னு பேரு வேற." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. போய்விட்டார்.

மறுநாள் இன்னொரு தீவுக்குப் படகுப் பயணம். காற்று பலமாக இருந்தது. கதிரவன் முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்பக்கப் பலகையில் உட்கார்ந்து நான் சம்சுவின் கைக்கட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். சங்கிலிமுத்து எதிரே இருந்தார். இரவெல்லாம் தூங்காத கண்கள்.

"மாப்ளே, நெசமாச் சொல்லு" என்றார் திடீரென்று. "நேத்து நீ எதுக்கு அந்தப் பக்கம் வந்த?"

சம்சு முன்பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். "உங்ககிட்ட என்ன அண்ணாச்சி மறைக்க? நான் லேபிள் விக்கிறவன். வெடிச்சா எங்கிட்டு ஓடணும்னு எனக்கு என்ன தெரியும்? போர்மேன் ஓடுற பக்கம் ஓடுனாப் பொழச்சுக்கலாம்னு வந்தேன். கடைசில பாத்தா நீங்க நெருப்புக்குள்ள போறீக. யா அல்லா, இந்த மனுசன் நம்மளயும் சேத்துல தியாகி ஆக்கப் பாக்குறாருன்னு நெனச்சேன்." வலியோடு சிரித்தார். "மொதலாளிகிட்ட சொல்லிராதீக. வீரன்னு பேரு கெடச்சிருக்கு. இத வச்சு புது யூனிட்டு லேபிள் ஆர்டர் பூராத்தையும் வாங்கிருவேன்."

நான் பழைய கட்டை அவிழ்த்ததும் அவர் உள்ளங்கை தெரிந்தது. தோல் உரிந்து, இளஞ்சிவப்பாக. சங்கிலிமுத்து அதைப் பார்த்தார். கண்ணை எடுக்கவே இல்லை.

"வலிக்குதாலே?"

"காரம் தின்ன முடியல. இடது கையால எங்குட்டுத் திங்க?"

சங்கிலிமுத்து எழுந்தார். படகின் ஆட்டத்தில் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்பக்கம் போனார். கதிரவனுக்கு வலது புறமாய் நின்றார். காற்று அவர்கள் பேச்சை எங்கள் பக்கம் கொண்டுவந்தது.

"மொதலாளி, எனக்கு வலது காது கேக்காது."

கதிரவன் சிரித்தார். "காத்துக்கு எனக்குந்தான் கேக்கல."

"இல்ல மொதலாளி. உங்க அப்பா காலத்துலயே போச்சு. டெஸ்ட் பொட்டல்ல. நேத்து நான் யாரையும் காப்பாத்த ஓடல. சத்தம் எந்தப் பக்கம் வந்துச்சுன்னு தெரியாம ஓடுனேன். அம்புட்டுத்தான்."

கதிரவன் அவரை நேராகத் திரும்பிப் பார்த்தார்.

"போன சீசன்ல பதிமூணாம் ரூம்ல வெடிச்சுச்சே. ஏழு பொம்பளைகள நீங்கதான வெளிய கொண்டாந்தீக?"

"அவுகதான் என்னையக் கொண்டாந்தாக. அவுக தலை திரும்புன பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கையக் காட்டுனேன்."

"அந்நேரம் அவுக உங்களப் பாத்துக்கிட்டு நின்னுருந்தா?"

சங்கிலிமுத்து பின்பக்கம் திரும்பிச் சம்சுவின் கையைப் பார்த்தார்.

"சொல்லுங்க அண்ணே. அவுக உங்களப் பாத்துக்கிட்டு நின்னுருந்தா?"

"அதான் மொதலாளி இப்ப சொல்றேன். சம்சு என்னயப் பாத்து வந்தான். கை வெந்துபோச்சு. பொம்பளைகளும் என்னயப் பாத்துத்தான் வருவாக."

கதிரவன் கம்பியை விட்டுவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். கோபமா பயமா தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும். இத்தனை வருஷம் தன் ஆலையில் என்ன நடந்திருக்கலாம் என்று அவர் ஒவ்வொரு அறையாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். "லைசென்ஸே போயிருக்கும்" என்றார். "லைசென்ஸ் கெடக்கட்டும். ஏழு வீட்டு வாசல்ல நான் போயி நின்னுருக்கணும்." கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மீதி நாட்கள் அவர் சங்கிலிமுத்துவோடு பேசவில்லை. போர்மேன்களும் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் விலகி விலகி நடந்தார்கள். சம்சு மட்டும், "என் வீரத்தையும் சேத்துக் கெடுத்துட்டீகளே அண்ணாச்சி" என்று புலம்பிக்கொண்டே அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார், இடது பக்கமாகப் பார்த்து. கதிரவனுக்குக் கடைசி நாள் மரங்கொத்தி கிடைத்தது. நல்ல படம். எடுத்தபின் அவர் அதை அங்கே யாருக்கும் காட்டவில்லை.

அடுத்த வருஷம் நான் தீவை விட்டுக் கிளம்பினேன். ஊருக்கு வந்த சில வாரங்களில் சங்கிலிமுத்துவைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் கரிசல் காட்டுக்கு நடுவே கம்பி வேலி போட்ட ஆலைகள், வேப்பமரங்கள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கணவனும் மனைவியும் வீட்டில் இருந்தார்கள். சங்கிலிமுத்து மெலிந்திருந்தார். மதுரையில் டாக்டரிடம் காட்டினார்களாம். நரம்பு செத்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்றாராம். அழைத்துப் போனது கதிரவன்தான். போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. மருந்து வாடையே அடிக்காத பேக்கிங் குடோனில் பெட்டி அடுக்கி லோடு ஏற்றுகிற வேலை. சம்பளம் குறைவு. நாற்காலி கிடையாது. தலைமைப் போர்மேன் வேலை நாலு பேரில் சின்னவனுக்குப் போய்விட்டது.

"கறுப்புக் குருவிப் பொட்டி அடுக்கி அடுக்கி கை வலிக்குது தாயி" என்றார். "சம்சு நல்லாத்தான் அடிச்சிருக்கான். கண்ணுல செவப்பு போகல."

மாடத்தி காப்பி கொண்டுவந்தார். குள்ளமான, திடமான பெண். விரல் நகங்களில் மருந்தின் வெள்ளிப் பூச்சு போகாமல் இருந்தது. டம்ளர்களை வைத்துவிட்டு, கணவருக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்தார். நான் அவரைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன தாயி பாக்கீக? கோவமா இருந்தா இந்தப் பக்கந்தான் உக்காருவேன். என்ன வேணும்னாலும் வையலாம். அவுகளுக்குக் கேக்காது" என்றார்.

"இன்னும் கோவமா?"

"இல்லாம? ஊரே அந்தமான் போயி சிப்பி மாலையும் சங்கும் வாங்கிட்டு வரும். இவுக இருந்த வேலையத் தொலைச்சுட்டு வந்தாக. எம்புட்டு வருசம் நான் காத்தேன் அந்த ரகசியத்த! பொம்பளைக நாக்கு நிக்காதும்பாக. எந்நாக்கு நின்னுச்சு. இவுக நாக்குதான் நிக்கல. ஆபீஸ்ல ஒவ்வொருத்தியும் எங்கிட்ட கேக்கா, ஒனக்குத் தெரியுமா, தெரிஞ்சா எங்களோட உக்காந்து மருந்து செலுத்துனன்னு. நான் என்ன சொல்ல?"

சங்கிலிமுத்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருக்க நல்ல வசதி இருந்தது.

"என்ன சொன்னீங்க?" என்று நான் மாடத்தியைக் கேட்டேன்.

அவர் முந்தானையால் நகத்தைத் தேய்த்தார். தேய்த்தாலும் அது போகாது.

"தெரியும்னு சொன்னேன். ஒவ்வொரு நாளும் நான் வாசலப் பாத்துத்தான் உக்காருவேன்னு சொன்னேன். சத்தம் வந்தா அவுக எந்தப் பக்கம் வாராகன்னு பாத்து, தப்புன்னா இழுத்துட்டு ஓடணுமேன்னு. இப்ப புதுசா வந்த போர்மேன் பய, பாப்பாக் கெணக்கா இருக்கான், ரெண்டு காதும் விடைச்சுக்கிட்டு நிக்கான். வாசலுக்கு முதுகக் காட்டி உக்காந்து வேல பாக்கேன். மொத நாளு அது எனக்கே தெரியல. பக்கத்துல இருந்தவதான் சொன்னா, ஏக்கா, இன்னைக்கு இந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்திருக்கன்னு."

சொல்லிவிட்டு எழுந்தார். காலி டம்ளர்களை எடுத்தார். என் டம்ளரை, அப்புறம் கணவருடையதை. உள்ளே போகிறவர்போல இரண்டு எட்டு வைத்தவர், திரும்பி வந்து சங்கிலிமுத்துவின் இடது பக்கம் உட்கார்ந்தார்.

"இந்தா" என்றார். "வெள்ளிக்கெழம இருக்கன்குடி கோயிலுக்குப் போகணும். லோடு இருக்கு, லாரி இருக்குன்னு சொல்லிட்டுக் கெடக்காம மத்தியானமே வந்துரணும். கேக்குதா?"

"கேக்குது" என்றார் சங்கிலிமுத்து.